கெண்டைக்கால் வரை கறுப்பு

எங்கள் ஊர் ஃப்ளூகர்வில்.
ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் ஒரு 'பி' வந்து நிற்கும்.
யாரும் அதை வாயால் சொல்வதில்லை.
டெக்சாஸுக்கு வந்து பதினோரு வருடம்,
அந்த எழுத்தின் பிழைப்பு இன்றைக்குத்தான் விளங்கிற்று:
மஞ்சள் பனியன், கழுத்தில் அட்டை,
நான்காம் எண் பஸ்ஸின் முதல் இருக்கை.

மகள் இரண்டாம் எண் பஸ்ஸில்.
சொந்தப் பிள்ளை ஏறும் வண்டியில் பெற்றோருக்கு இடமில்லை,
அதுதான் விதி என்றார் லோரெட்டா.
அதைக் கேட்டு மிதுலாவின் முகத்தில் வந்த நிம்மதியை
பார்க்காத மாதிரி
கூலரில் ஐஸ் கொட்டினேன்.

நாற்பத்தாறு தலை.
ஏறினால் எண்ணு, இறங்கினால் எண்ணு,
வழியில் கழிப்பறைக்குப் போய் வந்தால் எண்ணு.
நாற்பத்தைந்து.
மறுபடியும் நாற்பத்தைந்து.
அடிவயிற்றில் எதுவோ இறங்கிற்று.
கடைசி இருக்கையில், கோட்டுக் குவியலுக்கு அடியில்,
பிக்கலோ வாசிக்கும் பெண்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சான் அன்டோனியோ வெயிலுக்கு அக்டோபர் என்று தெரியாது.
கொதிக்கும் தாரில், கனத்த சீருடையில்
இருநூறு பிள்ளைகள்.
கை நிறைய வாத்தியம்,
ஆகவே அண்ணாந்து வாயைத் திறக்கிறார்கள்.
நீள மூக்குப் புட்டியோடு வரிசையில் நடந்து
தண்ணீர் பீய்ச்சுகிறோம்.
பல்லில் கம்பி கட்டிய வாய், உதடு வெடித்த வாய்,
சூயிங்கம் இருந்த ஒரு வாய்;
துப்பு என்றேன்,
என் உள்ளங்கையிலேயே துப்பினான்.
பதினாறு வயது இப்படி அண்ணாந்து நிற்பதை
நம் வீடுகளில் யார் கண்டது?

பிறகு இறகு.
விரல் எண்ணெய் படாதிருக்க ரப்பர் உறை மாட்டி
தொப்பிக்கு ஒன்றாகச் செருக வேண்டும்.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி.
முடியை உள்ளே திணித்து, மோவாய்க்கு வார் கட்டி,
எல்லாக் குஞ்சும் ஒரே கறுப்பாய் வந்தால்?
செருகினேன். தேங்க் யூ, சார்.
செருகினேன். தேங்க் யூ, சார்.
செருகினேன்.
தேங்க் யூ, சார்.
நாலடி தள்ளிப் போனபின்தான் உறைத்தது,
எனக்கு ரசம் வேண்டாம் என்று
தினமும் சொல்லும் குரல்.
அவள் திரும்பவில்லை.
வரிசையில் திரும்பக் கூடாது.

அப்போது வந்தான் எலியாஸ் ஒசூனா.
தோளில் மலைப்பாம்பு மாதிரி சூசஃபோன்,
காலில் வெள்ளைச் சாக்ஸ்.
வெள்ளை தெரிந்தால் மொத்த வரிசைக்கும் அவமானம்.
அவசரப் பெட்டியில் ஊக்கு இருந்தது,
கொண்டை ஊசி ஒரு கொத்து இருந்தது,
சாக்ஸ் தீர்ந்துவிட்டது.
அவன் அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்துகொண்டே போனது.
லாரிப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.
ஆபீஸ் சாக்ஸ், கெண்டைக்கால் வரை கறுப்பு,
விடியற்காலை ஐந்திலிருந்து என் வியர்வை.
வாங்கி மாட்டினான்.
முகர்ந்து பார்க்காத நாகரிகம் அவனுக்கு இருந்தது.

ஆட்டம் எட்டு நிமிடம்.
கோடு வளைந்து விசிறியானது, விசிறி உடைந்து சிதறி
எங்கோ ஓரிடத்தில் மறுபடி கோடானது.
மிதுலாவைத் தேடியிருக்க வேண்டும் நான்.
பார்த்ததெல்லாம் பின்வரிசையில் இரண்டு கால்.
குதிகால் முதலில், விரல் கடைசியில்,
ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி,
பிசகாமல் போய்க்கொண்டிருந்தது என் சாக்ஸ்.
சொந்தக் கல்யாண ஊர்வலத்திலேயே
தவில்காரரின் வேட்டியை மிதித்தவன் நான்.
ஷூவுக்குள் வெறுங்கால் கசகசக்க
எழுந்து நின்று கத்தினேன்.
பக்கத்தில் இருந்தவர் கேட்டார்,
உங்கள் பிள்ளை எது?
சூசஃபோன் என்று வாயில் வந்துவிட்டது.

ஒன்பதாம் இடம்.
பஸ்ஸில் நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு.
இரவு ஒன்றே கால், பள்ளி வாசல்.
காரில் ஏறியதும் மிதுலா குனிந்து பார்த்தாள்,
அப்பா, உங்க சாக்ஸ் எங்கே?
பதிலை யோசிப்பதற்குள் தூங்கிவிட்டாள்,
நெற்றியில் தொப்பியின் தழும்போடு.

எலியாஸ் இன்னும் திருப்பித் தரவில்லை.
அடுத்த போட்டி நவம்பர் எட்டு.
இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.